இரும்பு உப்புக்கு ஓர் உலர் மேலுறை

நம் மரக்காணம் அளத்துக் கல்லுப்பை மூட்டைக் கணக்கில் வாங்கி விற்கும் வணிக அன்பர்களுக்கு, இரும்பும் அயோடினும் சேர்த்த பாக்கெட் உப்பைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழும். அயோடின் தெளிப்பதுபோல இரும்பையும் தூவிவிட்டால் என்ன?

தூவினால் உப்பு கெடும். அயோடினுக்காகச் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். ஈரத்தில் இரும்பு அதைத் தொட்டால் அயோடின் பிரிந்து பறந்துவிடும், உப்பும் பழுப்பேறும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும்.

அந்தச் சுவர் மாத்திரைத் தொழிலிலிருந்து வந்தது. சுழலும் சட்டியில் மாத்திரைகளை உருட்டி, பாகு ஊற்றி, சூடான காற்றில் உலர்த்தி அடுக்கடுக்காய் ஏற்றுவது பழைய முறை. சீரக மிட்டாய் போடுகிறவருக்கு இது புதிதல்ல. ஈரம் ஆகாத மருந்துக்கு நீரின்றிப் பூசுகிறார்கள்: பொடியை மின்னேற்றி ஒட்டவைத்துச் சூட்டில் இளகவைப்பது, மாத்திரைக்குள் மாத்திரையாக அழுத்துவது, கொழுப்பை உருக்கித் தெளித்து ஆறவிடுவது.

இந்தக் கடைசி முறையே உப்புக்கு உதவியது. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லெவென்டே டியோசாடி குழுவினர், ஃபெரஸ் ஃப்யூமரேட் என்னும் இரும்புப் பொடியை உப்புத்தூள் அளவு மணிகளாக்கினார்கள். பொடியின் செம்பழுப்பு தெரியாதிருக்க டைட்டானியம் டை ஆக்சைடு. அதன்மேல் கெட்டியாக்கிய சோயா கொழுப்பு. நம் தமிழ்நாடு உப்பு நிறுவனமும் இரட்டைச் சத்து உப்பு தயாரிக்கிறது; 2014-ல் வந்த அம்மா உப்பு வகைகளில் அது ஒன்று.

நம் கல்லுப்பில் இது செல்லாது. பெரிய கல்லோடு சேராமல் சிறு மணி மூட்டையின் அடியில் இறங்கிவிடும். போதாக்குறைக்கு, கல்லுப்பில் ஒட்டியுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுத்திகரித்த, உலர்ந்த தூள் உப்பே இதற்கு ஏற்றது.

கத்தரிக்காய், வாழைக்காய் கறுத்துவிட்டதென்று பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். கலப்படம் என்று கூசாமல் சொல்வார்கள். கொதிக்கும் குழம்பில் கொழுப்புறை உருகி, வெளிவந்த இரும்பு காயின் துவர்ப்போடு சேர்வதால் வரும் நிறம் அது, கெடுதல் இல்லை. கடையில் நின்றே விளக்கிவிட்டால் ஒரு வாடிக்கை தப்பும்.

கடை வெயிலில் அந்த உறை உருகாது, ஈரந்தான் பகை. விற்பனை நிலையில் அயோடின் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்குக் குறையக்கூடாது என்பது விதி. கடற்காற்றடிக்கும் நம் கடைகளில் பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாக அளக்காதீர்கள். கசியும் கல்லுப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். மாதிரி எடுக்க அலுவலர் வந்தால் காட்ட, வாங்கிய பில்லும் கையில் இருக்கட்டும்.