ஏஸ் உடம்பில் எட்டு சிலிண்டர்

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், தேம்ஸ் டிட்டன் என்ற சிற்றூரில் இயங்கிவந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனத்துக்கு 1961-இல் ஒரு சங்கடம். அவர்களுடைய ‘ஏஸ்’ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் தந்துகொண்டிருந்த பிரிஸ்டல் நிறுவனம் அந்த எஞ்சினைச் செய்வதையே நிறுத்திவிட்டது. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் டெக்சாஸ்காரரான கரோல் ஷெல்பி. 1959-இல் ராய் சல்வடோரியுடன் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர், பிறகு இதய நோயால் பந்தயத்தை விட்டவர். உங்கள் காருக்குள் ஒரு வி-8 எஞ்சினை உட்காரவைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஷெல்பி அப்போது இருந்த கலிபோர்னியாவில் இந்த மாதிரி யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. 1930-களிலிருந்தே எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களோடு கூடினார்கள். மட்கார்டு, பம்பர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினை மட்டும் முறுக்கேற்றி ஓட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். நியூட்டனின் இரண்டாம் விதியைக் கையில் கிரீஸோடு படித்தவர்கள் அவர்கள். விசை கூடினாலும் முடுக்கம் கூடும், நிறை குறைந்தாலும் கூடும். எஞ்சினைப் பெரிதாக்கப் பணம் வேண்டும். கழற்றிப் போட ஒரு ஸ்பேனர் போதும்.

ஷெல்பி தேர்ந்தெடுத்த ஏஸில் கழற்றுவதற்கே அதிகம் இல்லை. 1953-இல் வெளிவந்த அந்தக் காரின் அடித்தளம், ஜான் டோஜீரோ வடிவமைத்த ஏணிபோன்ற சட்டகம்: 3 அங்குல விட்டமுள்ள இரண்டு எஃகுக் குழாய்கள், குறுக்கே இணைப்புகள். முன்னும் பின்னும் குறுக்குவாட்டில் ஒவ்வொரு லீஃப் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குலுக்கலைத் தாங்குவதோடு, சக்கரத்தை மேலிருந்து பிடித்து நிறுத்தும் கையாகவும் வேலைசெய்தது. எடை குறைப்பதில் இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை கொடுத்தால் இரண்டாவது பாகமே தேவையில்லை.

சட்டகத்தின் மேல் கையால் தட்டி வளைத்த அலுமினிய உடல். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அப்படியே மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் என்ன லாபம்? ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிமனின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, ஏற்பக் கூடும். எனவே அலுமினியத் தகட்டை எஃகைவிடச் சுமார் 1.4 மடங்கு தடிமனாக எடுத்தாலே எஃகின் விறைப்பு வந்துவிடும், பாதி எடையில்.

எஞ்சின் பக்கமும் காலம் கனிந்திருந்தது. ஃபோர்டு நிறுவனம் புதிய சிறிய வி-8 ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. வார்ப்பிரும்புதான், ஆனால் வார்ப்பின் சுவர்களை மெல்லிதாக ஊற்றும் நுட்பத்தால் எடை சுமார் 210 கிலோவுக்குள் அடங்கியது. பிரிஸ்டலின் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நீளமாக நிற்பவை. இதில் இரண்டு வரிசையாக நான்கு நான்கு. ஆகவே நீளம் குறைவு, காரின் மூக்கில் பாரம் தொங்காமல் எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி வைக்கலாம். 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத கார் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் வந்திறங்கியது. அருகிலுள்ள சான்டா ஃபே ஸ்பிரிங்ஸில், டீன் மூன் என்பவரின் பட்டறையில், 4.2 லிட்டர் வி-8 அதில் ஏறியது. கோப்ரா பிறந்தது. இருந்தது ஒரே ஒரு கார். பத்திரிகைகளுக்கு ஓட்டக் கொடுக்கும்போதெல்லாம் வேறு வேறு வண்ணம் பூசி, நிறைய தயாராகிவிட்டன என்று நம்பவைத்தார் ஷெல்பி!

குதிரைத்திறன் சுமார் 130-இலிருந்து 260 ஆனது. எடை ஒரு டன்னைத் தாண்டவில்லை. இரண்டு மடங்கு திறனுக்கு இரண்டு மடங்கு வேகம் கிடைத்ததா? இல்லை. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். திறன் இரட்டித்தால் உச்ச வேகம் ஏறத்தாழ 26 சதவீதம்தான் கூடும். ஏஸ் மணிக்கு 190 கி.மீ. அளவில் ஓடியது, கோப்ரா 240 கி.மீ. அளவில், கணக்கு சரியாக இருக்கிறது. இந்தச் சுவரில் முட்டிக்கொண்டதால்தான் ஷெல்பியிடம் வேலைசெய்த பீட் பிராக் அதே காருக்குக் கூரை போட்டு, வாலை வெட்டினாற்போல் முடித்து டேடோனா கூபேயை வரைந்தார். 1965-இல் அது உலக ஜி.டி. சாம்பியன்ஷிப்பையே வாங்கித் தந்தது.

எடைக் குறைப்பின் பலன் தெரிவது வளைவுகளில். உராய்வு எடைக்கு நேர்விகிதம் என்பது பள்ளிப் பாடம். அதன்படி கனமான காரும் லேசான காரும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். ரப்பர் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. டயரின் மேல் பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, கொஞ்சம் குறைவாகவே வரும். அதனால் லேசான கார் அதே டயரில் வேகமாகத் திரும்பும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடைக்கோ தனிக் கணக்கு. அது முன்னால் போகவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அங்கே குறைக்கும் ஒரு கிலோ, முடுக்கத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம்.

1965-இல் ஷெல்பி 7 லிட்டர் எஞ்சினை ஏற்றினார். மேல்மாடி எடுக்க எடுக்க அஸ்திவாரத்தில் கம்பி கூடுவதுபோல எல்லாம் பெருத்தன: அகலமான டயர், அதை மூடப் புடைத்த மட்கார்டு, லீஃப் ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங். சட்டகக் குழாய்கள் 4 அங்குலமாயின. அதில் மட்டும் ஒரு நல்ல கணக்கு உண்டு. சுவர்த் தடிமன் மாறாமல் விட்டத்தை 3-இலிருந்து 4 ஆக்கினால் குழாயின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், விறைப்போ 2.4 மடங்காகும். ஆனாலும் கார் ஒரு டன்னைத் தாண்டிவிட்டது. சுவரில் ஒட்டும் படங்களில் அந்த 7 லிட்டர் கார்தான் அதிகம். மெலிந்த பழைய கோப்ராவே எனக்கு அழகு.

இன்று இப்படி எடை குறைத்த காரைக் கனவு காண்பவர் எங்கே தொடங்கலாம்? முதலில் சக்கரங்களும் பிரேக்குகளும், அடுத்து காரின் இரு நுனிகளிலும் உச்சியிலும் உள்ளவை, ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம், வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினிய எஞ்சின். (ஓட்டுபவரின் தொந்தியும் இந்தப் பட்டியலில் உண்டு, செலவே இல்லாத பத்து கிலோ.) நிஜ ஏஸை இனி அறுக்க யாருக்கும் மனம் வராது. அந்த முதல் கோப்ரா 2016-இல் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. ஆக, பிரதிதான் வழி. பெரும்பாலான பிரதிகளுக்குக் கண்ணாடியிழை உடல். அலுமினியத்தில் வேண்டுமென்றால், கையால் தகடு தட்டும் ஆளைத் தேடிப் பிடித்து, அவர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.