வெள்ளை மலையின் மர்மம்

ஸ்ரீ ரமணாசிரமத்தைக் கடந்து செங்கம் சாலையோடு சற்றுத் தூரம் சென்றால் அண்ணாமலையின் நிழல் தாண்டி மணிலாக்கொட்டை வயல்கள் விரியும். பயிர் பூத்து, விழுது மண்ணில் இறங்கும் தருணத்தில், விவசாயிகள் செடிகளின் அடியில் ஒரு வெண்பொடியைத் தூவி மண் அணைப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் யாத்திரிகருக்கு, யாரோ வயலுக்கே விபூதி பூசுவதுபோல் தோன்றும். அது விபூதியன்று, ஜிப்சம். காய் திரட்சியாகப் பிடிக்கச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் வேண்டும். அதற்காக ஹெக்டேருக்கு 400 கிலோ இடும்படி வேளாண்மை நிபுணர்கள் சிபார்சு செய்கிறார்கள்.

இந்தப் பொடி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி ராஜஸ்தானத்துச் சுரங்கங்களிலிருந்து. மற்றொரு பகுதி உரத் தொழிற்சாலைகளின் கழிவுக் குவியல்களிலிருந்து!

நமது பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த இராணிப்பேட்டையில், 1906-ஆம் ஆண்டிலேயே பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலையை நிறுவினார்கள். பாஸ்பேட் பாறையை அரைத்துக் கந்தக அமிலத்தோடு கலந்தால் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். அதில் பிறக்கும் ஜிப்சம் உரத்திலேயே கலந்து போய்விடும். ஆனால், செறிவு மிகுந்த உரங்களுக்குப் பாஸ்பாரிக் அமிலத்தைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அப்போது ஜிப்சம் கழிவாக மிஞ்சுகிறது. அமிலத்தின் சத்துக் கணக்கில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஐந்து டன் கழிவு! எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இத்தகைய அமிலத் தயாரிப்பு நடந்து வந்திருக்கிறது.

வெளுத்ததெல்லாம் பால் அல்லவே! இக்கழிவில் பெரும்பகுதி கால்சியம் சல்பேட்தான். ஆயினும் கழுவிப் போகாத அமிலமும், ப்ளூரைடும், சிறிதளவு காட்மியம் போன்ற உலோகங்களும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாறையில் இயற்கையாகவே யுரேனியமும் அதிலிருந்து பிறந்த ரேடியமும் உண்டு. யுரேனியத்தில் பெரும்பங்கு அமிலத்தோடு போக, ரேடியத்தில் பெரும்பங்கு ஜிப்சத்தில் தங்கிவிடுகிறது. இந்த ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அது சிதையும்போது ரேடான் என்னும் வாயு வெளிப்படுகிறது.

குவியலின்மேல் மழை பெய்தால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். அதோடு அமிலமும் ப்ளூரைடும் இறங்கும். அடியில் தக்க தடுப்பு இல்லாவிட்டால் அந்நீர் கிணற்றைச் சேரும். அமெரிக்காவின் ப்ளோரிடா மாகாணத்தில் 2016-ஆம் ஆண்டு இத்தகைய குவியலின் அடியில் பெரும்பள்ளம் விழுந்து, கோடிக்கணக்கான லிட்டர் அசுத்த நீர் நிலத்தடி நீரில் கலந்தது. 2021-ஆம் ஆண்டு பைனி பாயிண்ட் என்ற இடத்தில் கரை உடையும் அபாயம் நேர்ந்தபோது, கழிவு நீரைக் கடலின் வளைகுடாவிலேயே திறந்துவிட்டார்கள்.

அப்படியானால் இப்பொடியை ஒதுக்கிவிடுவதா? வேண்டியதில்லை. களர் நிலத்தைத் திருத்தவும், சிமெண்டு தயாரிக்கவும் அது பயன்படுகிறது. ஜிப்சப் பலகைகளால் வீடு கட்டும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ந்து மேம்படுத்தியிருக்கிறது. ஆனால், பயன்படுத்துமுன் பரிசோதனை அவசியம். அமெரிக்கச் சர்க்கார் 1992-ஆம் ஆண்டு விதியில், வயலுக்கு இடும் இக்கழிவில் ரேடியம் கிராமுக்குப் பத்துப் பிகோகியூரி என்ற எல்லையைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார்கள். அந்தக் குறிப்பு விவசாயியின் கைக்கு எட்ட வேண்டாமா?

இராணிப்பேட்டையில் பிறந்த இத்தொழில் நம் தேசத்திற்குச் சோறு போட உதவியது. அதை நாம் மறக்கலாகாது. அந்த நன்றிக்காகவே ஆலைகள் தங்கள் குவியலுக்கு அடித்தடுப்பும், ஒவ்வொரு மூட்டைக்கும் பரிசோதனைச் சீட்டும் தர வேண்டும் என்று கேட்கிறோம். அண்ணாமலையை இயற்கை நிறுத்தியது. வெள்ளை மலையை நாம் நிறுத்தினோம். நாம் நிறுத்தியதற்கு நாமே காவல்.