மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரயில்வே குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நம் சங்கத்து அன்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். நண்பரின் மூத்த குமாரி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்பவள். அவளுடைய விருப்பத்துக்கு இணங்கி, 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' என்ற படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் கண்டோம். நான்கு மணி நேரம் ஓடும் படம்; இடையில் இரு முறை காப்பி வந்தது. படம் முடிந்ததும் ஒரு வாக்குவாதம் மூண்டது. அழகே உருவான கதாநாயகியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச்சு முழுவதும் அவளை வளர்த்த கறுப்பினத் தாதியைப் பற்றியே நடந்தது.

"இந்த அம்மாள் தம் இனத்தையே அடிமைக் கோலத்தில் காட்டிப் பணம் சம்பாதித்திருக்கிறார், மாமா" என்றாள் அந்தப் பெண். "வேறு என்ன வேஷம் கொடுத்தார்கள் அம்மா அவளுக்கு?" என்று கேட்டார் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர். இரு கட்சியாரும் விடுவதாயில்லை. முடிவில், பத்திரிகைக்கு எழுதும் வழக்கமுடையவர் என்ற ஒரே குற்றத்துக்காக, நம்மை நடுவராக்கினார்கள். நமது படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும் அந்தப் பெண் தேடிக் கொடுத்த நூல்களை இரவு முறை வேலையின் இடைவேளைகளில் அகராதியும் கையுமாகப் படித்தோம். அறிந்தவற்றை வாசகர்கள்முன் வைக்கிறோம்.

அந்தத் தாதியாக நடித்தவர் ஹாட்டி மக்டானியல் அம்மையார். படத்தில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. எல்லோரும் 'மேம்மி' என்றே அழைக்கிறார்கள். வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்த அடிமைப் பெண்களுக்கு அந்நாட்டில் வழங்கிய பொதுப்பெயர் அது. பருத்த உடல், தலையில் கட்டிய துணி, எஜமானர் குடும்பத்தின்மேல் எல்லையற்ற விசுவாசம், தனக்கென்று ஒரு வீடோ பிள்ளையோ இல்லாத வாழ்க்கை: இவை அந்தப் பாத்திரத்தின் இலட்சணங்கள். கறுப்பினப் பெண்ணை வெள்ளித்திரையில் இந்த உருவில் காணவே அந்நாட்டு வெள்ளையர் விரும்பினர்.

அம்மையார் 1893-இல் கான்ஸாஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் விடுதலைப் படையில் போரிட்டவர். பதின்மூன்று மக்களில் ஹாட்டியே கடைக்குட்டி. இளமையில் மேடைகளில் பாடினார். 1920-களில் இசைத்தட்டுகளும் கொடுத்தார். 1929-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது மேடைகள் மூடின. மில்வாக்கி நகரத்தருகே ஓர் இரவு விடுதியில், பெண்களுக்கான கழிப்பறையில் பணிப்பெண்ணாக அமர்ந்தார். பின்னர் அதே விடுதியின் மேடையில் பாடவும் செய்தார். 1931-இல் லாஸ் ஏஞ்ஜலீஸ் சென்றார். வானொலியில் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் அந்தச் சம்பளம் போதாமல் மெய்யாகவே வீட்டு வேலைக்குப் போனார். ஆகவே, பின்னாளில் அவர் திரையில் துணி மடித்தபோதும் உணவு பரிமாறியபோதும் கண்ட கைவழக்கம் ஒத்திகையால் மட்டும் வந்ததன்று.

1939 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' அட்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஜார்ஜியா மாகாணத்தில் அப்போது நிறவேற்றுமைச் சட்டம் அமலில் இருந்தது. படத்தில் பெரும் பங்கு வகித்த அம்மையார் அந்த விழாவுக்குச் செல்ல இயலவில்லை. ஊரெல்லாம் கொண்டாட்டம், அவரோ தொலைவில் தம் வீட்டில் இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1940 பிப்ரவரி 29-ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்ஜலீஸின் அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடைபெற்றது. கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்காத ஹோட்டல் அது. படத்தின் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியே கேட்டுக்கொண்டதன்பேரில் அம்மையாரை உள்ளே விட்டார்கள். உடன் நடித்தவர்கள் தயாரிப்பாளரோடு ஒரு பெரிய மேஜையில் அமர்ந்திருந்தார்கள். அம்மையாருக்குச் சுவரோரமாக ஒரு சிறு மேஜை போடப்பட்டிருந்தது. துணை நடிகைக்கான பரிசுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. துணை நடிகர்களுக்கு அந்நாளில் பொற்சிலை கொடுப்பதில்லை. சிறிய பட்டயம் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டு, தம் இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் என்றும் பெருமை சேர்ப்பவராக இருக்க விரும்புவதாகக் கண்ணீர் மல்கக் கூறிவிட்டு இறங்கினார்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். அதே இரவில் தலைசிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றவர் விவியன் லீ. நம் நாட்டு டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி அவர். தம் இனத்தின் பெயரால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. பரிசு அவருடையது, அவ்வளவே. மக்டானியல் அம்மையாரோ கோடிக்கணக்கான மக்களைத் தோளில் சுமந்துகொண்டு மேடையேற வேண்டியிருந்தது. 1968-இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமியோடு தோன்றி 'மதராஸி' பாட்டு வாத்தியாராகக் கூத்தடித்ததை நம்மவரில் பலர் பார்த்திருப்பார்கள். நாமும் பார்த்தோம், வயிறு குலுங்கச் சிரித்தோம். மறுநாள் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் அதே குரலில் நம்மை அழைத்தபோது சிரிப்பு வரவில்லை.

இனி, மத்தளத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். கறுப்பினத்தாரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. என்னும் மாபெரும் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் 1942-இல் ஹாலிவுட்டுக்கு வந்தார். தாதி, வேலைக்காரி, அசட்டுச் சமையற்காரன் ஆகிய வேஷங்கள் ஒழிய வேண்டும் என்று பட முதலாளிகளிடம் வலியுறுத்தினார். அவர் சொன்னதில் தவறு ஏதும் காணோம். போரில் உயிரைக் கொடுக்கும் இனத்தைத் திரையில் விதூஷகராகவே காட்டுவது நியாயமா என்பது அவர் வாதம். ஆனால் அந்த வேஷங்களால் அடுப்பெரிந்த நடிகர் நடிகையரை அவர் முதலில் கலந்து பேசவில்லை என்பது மக்டானியல் அம்மையாரின் மனத்தாங்கல். வேலைக்காரியாக இருந்து வாரம் 7 டாலர் பெறுவதைவிட, வேலைக்காரியாக நடித்து 700 டாலர் பெறுவது மேல் என்ற கருத்துப்பட அவர் கூறியதாகச் சொல்வார்கள். வெள்ளையர் அவரைச் சுவரோர மேஜையில் அமர்த்தினர். அவருடைய மக்களில் ஒரு சாரார் அவரை இனத்துக்கு இழுக்கு என்றனர்.

சரி, வேலைக்காரி வேஷம் வேண்டாம் என்று மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது? லீனா ஹார்ன் என்ற பாடகியின் கதை அதற்குச் சான்று. 1917-இல் பிறந்த இவர், ஒயிட்டின் ஆதரவு பெற்றவர். 1942-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அவருடைய தந்தையார் முதலாளியிடம் நேரில் சென்று, "என் மகளுக்கு வேலைக்காரி வைக்க எனக்கு வசதி உண்டு, அவள் ஏன் வேலைக்காரியாக நடிக்க வேண்டும்?" என்ற பொருளில் பேசியதாகக் கூறுவர். நிறுவனமும் இசைந்தது. அதன்பின், தூண் ஒன்றில் சாய்ந்து நின்று அழகிய உடையில் ஒரு பாட்டுப் பாடுவதே பல படங்களில் அவருக்கு வாய்த்த வேலை. கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமிராது. தென் மாகாணங்களின் கொட்டகைகளில் அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு எஞ்சியதை ஓட்டலாம் அல்லவா! மாநிறத்தவரான அவரை லத்தீன் அமெரிக்கப் பெண்ணாகக் காட்டிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அவருக்கென்றே கலந்த முகப்பூச்சு ஒன்றை வெள்ளை நடிகையருக்குப் பூசிக் கலப்பின வேஷம் போடவைத்தார்கள். 1951-இல் வந்த 'ஷோ போட்' படத்தில் கலப்பினப் பெண்ணான ஜூலியின் வேஷம் வெள்ளை நடிகை ஆவா கார்ட்னருக்கே சென்றது. குனிந்து நடித்தவருக்கு அடுக்களை, நிமிர்ந்து நின்றவருக்குக் கத்தரிக்கோல்.

தங்கள் பிழைப்புக்கு இந்தப் புதுப்பெண் உலை வைத்துவிடுவாளோ என்று ஹாலிவுட்டின் பழைய கறுப்பின நடிகர்கள் லீனாமேல் சினம் கொண்டிருந்தனர். அந்நேரத்தில் அவரை வீட்டுக்கு அழைத்து அன்பாகப் பேசி, உன் வழியில் நீ செல் என்று தேற்றியவர் யார் தெரியுமா? மக்டானியல் அம்மையார்தாம். பிற்காலத்தில் லீனாவே நன்றியோடு நினைவுகூர்ந்த செய்தி இது. நடுவர் வேலையில் நமக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான் ஏற்பட்டது.

இரண்டாவது தடுமாற்றம் ஒரு வீட்டு வழக்கு. 1942-இல் அம்மையார் லாஸ் ஏஞ்ஜலீஸில் 'சுகர் ஹில்' என்று வழங்கிய பகுதியில் பெரிய வீடொன்றை வாங்கினார். வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருக்கலாகாது என்று பழைய கிரயப் பத்திரங்களில் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அயலார் சிலர் வழக்குத் தொடுத்தனர். வடக்கே உத்தியோக நிமித்தம் வந்து, "எந்த ஊர், என்ன சாப்பாடு?" என்ற கேள்விக்குப்பின் வாடகை வீட்டின் கதவு சாத்தப்படக் கண்டவர்கள் நம்மில் உண்டு. நாமும் அப்படி மூன்று வீடு ஏறி இறங்கினோம். அது ஒரு மாலை நேரத்து வருத்தத்தோடு போயிற்று. நான்காவது வீடு கிடைத்தது. அவர்களுக்கோ, பணம் கொடுத்து வாங்கிய வீட்டிலிருந்தே சட்டத்தின் பெயரால் வெளியேற்றம்! அம்மையார் அஞ்சவில்லை. கறுப்பினக் குடித்தனக்காரர்களைச் சனிக்கிழமைதோறும் தம் வீட்டில் கூட்டிவைத்து, லோரன் மில்லர் என்ற வழக்கறிஞரைக் கொண்டு வாதாடச் செய்தார். அந்தப் பத்திர நிபந்தனையைச் செல்லுபடியாக்குவது அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தத்துக்கு முரணாகும் என்று கருதி, நீதிபதி தர்மண்ட் கிளார்க் 1945 டிசம்பரில் வழக்கைத் தள்ளினார். மூன்றாண்டுகளுக்குப்பின், 1948-இல், அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தலாகாது என்றது. இனத்துக்கு இழுக்கு என்று ஏசப்பட்டவர் செய்த காரியம் இது.

1947-இல் 'ப்யூலா' என்ற வானொலித் தொடரின் தலைமைப் பாத்திரத்தை அவர் ஏற்றார். மறுபடியும் வேலைக்காரிதான். ஆனால் அந்தக் கறுப்பினப் பெண்ணின் குரலை அதுவரை கொடுத்து வந்தவர்கள் வெள்ளை ஆண்கள்! கொச்சை மொழி பேசமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார் அம்மையார். இப்படி அங்குலம் அங்குலமாக வென்றதைப் பெரிதென்று சொல்வதா, சிறிதென்று சொல்வதா?

1952 அக்டோபர் 26-ஆம் தேதி புற்றுநோயால் அம்மையார் காலமானார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். நிறத்தைக் காரணமாக்கி அங்கே இடம் மறுக்கப்பட்டது. வேறிடத்தில் அடக்கம் செய்தனர். 1999-இல் அதே தோட்டத்தின் புதிய உரிமையாளர் அவருக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த ஆஸ்கார் பட்டயம் இடையில் எங்கோ காணாமற் போயிற்று. 2023 அக்டோபரில் ஆஸ்கார் கழகம் அதற்கு ஈடாக வேறொரு பட்டயம் வழங்கியது. அவருக்குப்பின் ஆஸ்கார் பெற்ற கறுப்பின நடிகை ஊப்பி கோல்ட்பர்க், அது 1991-இல்.

இவ்வளவையும் எழுதி முடித்து நண்பரின் குமாரியிடம் படித்துக் காட்டினோம். கார்டு ஐயாவும் இருந்தார். வீட்டு வழக்கைக் கேட்டு அவர் மேஜையைத் தட்டினார். பெண் சற்று நேரம் பேசாமலிருந்து, "அந்த அம்மாளை நான் குறை கூறியது தவறு, மாமா. ஆனால் அந்தப் படத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை" என்றாள். லீனா ஹார்ன் பாடிய 'ஸ்டார்மி வெதர்' என்ற 1943-ஆம் ஆண்டுப் படத்தை வரும் ஞாயிறு பார்ப்பதாக ஏற்பாடு. காப்பி நம் வீட்டில்.