எழுத்தணியும் சொற்பட்டியலும்

பொருளின் அளவறிந்து கலம் தெரிதல் கணினித்துறைக்கும் உரிய நெறியாகும். செய்நிரல் எழுதப் புகுவார்முன் நிற்கும் வினாக்களுள் ஒன்று, தரவுகளை அளவு மாறாத அணியில் வைப்பதா, வேண்டுந்தோறும் விரியும் பட்டியலில் வைப்பதா என்பது. தமிழ் நெடுங்கணக்கையும் தமிழ் அகராதியையும் கொண்டு இதனை எளிதின் விளக்கலாம்.

உயிர் 12, மெய் 18, இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216. இத்தொகை இலக்கணத்தால் வரையறுக்கப்பட்டது. ஆதலின் 216 இடங்கொண்ட அணி இதற்குப் பொருந்தும். அணியின் இடங்கள் நினைவகத்தில் ஒன்றையடுத்து ஒன்றாய் அமைவன. 'தூ' என்பது எத்தனையாவது இடத்தது? தகரம் ஏழாம் மெய். ஊகாரம் ஆறாம் உயிர். முன்னுள்ள ஆறு வரிசைக்கும் வரிசைக்குப் பன்னிரண்டாக 72. அதனோடு 6 கூட்ட 78. தேடுதலின்றிக் கணக்கினாலேயே இடம் புலனாகின்றது. வீணாகும் இடமும் இல்லை.

சொற்களோ இத்தகையன அல்ல. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்திய பின்னரும், 1939இல் அநுபந்தம் ஒன்று வேண்டியதாயிற்று. இவ்வாறு வளர்வதற்கு விரியும் பட்டியலே ஏற்றது. எண்ணால் இடமறியும் வசதி அதற்கும் உண்டு.

அது விரியும் முறை யாது? உள்ள இடம் நிரம்பியதும் பெரியதோர் இடத்தைப் பெற்று, பழைய சொற்களையெல்லாம் அங்கே படியெடுத்து, பழைய இடத்தை விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் ஓரிடமே கூட்டினால், 58,500 சொற்களைச் சேர்ப்பதற்குள் 171 கோடிக்கு மேற்பட்ட படியெடுப்புகள் நிகழும். ஓரிடத்தில் தொடங்கி, நிரம்புந்தோறும் இருமடங்காக்கினால், 16 முறை விரிந்து 65,536 இடமாகும். படியெடுப்புகள் 65,535 மட்டுமே. இதற்குக் கொடுக்கும் விலை, எஞ்சி நிற்கும் 7,036 வெற்றிடங்களும் விரியும் கணத்தில் நேரும் தாமதமுமாம். பைதன், ஜாவா முதலிய மொழிகளின் பட்டியல்கள் இருமடங்காகாவிடினும், உள்ள அளவுக்கேற்ற விகிதத்தில் வளரும் இவ்வழியையே மேற்கொள்கின்றன.

எனினும், ஓர் எல்லையை நிலையானது எனத் துணியுமுன் எச்சரிக்கை வேண்டும். 216 எனக் கட்டிய அணியில் ஜ, ஷ, ஸ, ஹ என்னும் கிரந்த எழுத்துகளுக்கு இடமில்லை. பாலையூற்றிலுள்ள பாடசாலை ஒன்றின் இடாப்பை அவ்வணி கொண்டு அமைப்பின், 'ஷ' என்னும் எழுத்தில் தொடங்கும் பெயருடைய பிள்ளை தன் பெயரை இழக்கும். அக்குற்றம், நூலின் எல்லையையே வழக்கின் எல்லையாகக் கொண்டார்க்கு உரியது.

ஆகவே, எல்லை பொருளின் இயல்பில் உள்ளதா, நமது இன்றைய மதிப்பீட்டில் மட்டும் உள்ளதா என முதற்கண் ஆராய்தல் வேண்டும். முன்னதாயின் அணி, பின்னதாயின் பட்டியல்.