எச்எம்வி: விழுந்து எழுந்த இசைக் கடை

கிராமபோன் முன்னால் உட்கார்ந்து பாட்டு கேட்கும் நாயின் படத்தைப் பழைய இசைத்தட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அதுதான் எச்எம்வி. இந்தப் பெயரில் 1921-ல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் திறக்கப்பட்ட கடை, பின்னர் இங்கிலாந்து முழுக்கக் கிளைகளாகப் பரவியது. இசைத்தட்டு, கேசட், சிடி என எது வந்தாலும் வியாபாரம் நடந்தது.

எம்பி3 வந்ததும் நிலைமை மாறியது. 5 நிமிடப் பாட்டு சிடியில் சுமார் 50 எம்பி இடம் பிடிக்கும். நம் காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு, எம்பி3 அதை 5 எம்பி பைலாகச் சுருக்குகிறது. பழைய 56கே மோடத்தில் 50 எம்பியை டவுன்லோட் செய்ய சுமார் 2 மணி நேரம் ஆகும். 5 எம்பிக்கு 12 நிமிடம் போதும்.

1999-ல் நாப்ஸ்டர், 2003-ல் ஐடியூன்ஸ் ஸ்டோர், 2008-ல் ஸ்பாட்டிஃபை என்று பாட்டு வீட்டுக்கே வந்துவிட்டது. எச்எம்வி 2013-லும் 2018-லும் நொடித்தது.

2019-ல் கனடாவைச் சேர்ந்த டக் புட்மேன் இதை வாங்கினார். 27 கடைகள் மூடப்பட்டன. 100 கடைகள் தப்பின. வினைல் இசைத்தட்டுகளுக்கு அதிக இடம் கொடுத்தார். மூடிய ஆக்ஸ்போர்டு தெருக் கடை 2023 நவம்பரில் மீண்டும் திறந்தது.

வினைல் ஏன் விற்கிறது? ஸ்ட்ரீமிங்கில் சந்தாவை நிறுத்தினால், சேமித்து வைத்த பாட்டும் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய தட்டு உங்களிடமே இருக்கும். எனவே வீட்டில் உள்ள பழைய சிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3-க்குப் பதில் ஃபிளாக் பார்மட்டைத் தேர்ந்தெடுங்கள். இடம் அதிகம் பிடித்தாலும் ஒலியில் எதுவும் குறையாது.