மேஜர் இன்னும் முடிவாகலையா? ஒரே மாடியில் தங்கவைக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்

“என்ன மேஜர்?” அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாஸ்டலில் முதல் வாரம் முழுக்க இந்தக் கேள்விதான் சுற்றிவரும். பெயரும் ஊரும் சொன்ன கையோடு அடுத்து இதைத்தான் கேட்பார்கள். பக்கத்து அறை நர்சிங், எதிர் அறை இன்ஜினீயரிங். “இன்னும் முடிவு பண்ணல” என்று சொல்பவருக்குத்தான் கூச்சம்.

நம்மூர் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கல்லூரியோடு பிரிவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் பிரிவைச் சொல்லாமலே சேரலாம். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அறிவித்தால் போதும். இப்படிச் சேருபவர்கள் ‘அன்டிக்ளேர்டு’ மாணவர்கள். அந்தச் சொல்லில் ஏதோ குறை தொனிக்கிறது என்று ‘எக்ஸ்ப்ளோரட்டரி’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட கல்லூரிகளும் உண்டு. பெயரை மாற்றினால் கூச்சம் போய்விடுமா என்ன?

இவர்களுக்காகச் சில பல்கலைக்கழகங்கள் நடத்துவதுதான் ‘லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி’. சேர்ந்து தங்கி, சேர்ந்து படிப்பது.

எப்படி நடக்கிறது?

ஹாஸ்டலில் ஒரு மாடியை இவர்களுக்கென ஒதுக்குகிறார்கள். அங்கே தங்குபவர்கள் ஒன்றிரண்டு வகுப்புகளுக்கும் சேர்ந்தே போவார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் சின்ன செமினார்: எந்தத் துறையில் என்ன படிக்கணும், படித்தவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று அலசுவது. கல்வி ஆலோசகர் சில இடங்களில் ஹாஸ்டலுக்கே வந்து உட்காருவார். சந்தேகம் கேட்க ஒரு சீனியரும் இருப்பார்.

நர்சிங் மாணவருக்குத் துறை அலுவலகம், சீனியர்கள், பேராசிரியர்கள் என்று முதல் நாளே ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. மேஜர் சொல்லாதவருக்கு அப்படி எதுவும் இல்லை. முடிவெடுக்காமல் இருப்பதைவிட, தனியாக இருந்து முடிவெடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

யோசனை பழசுதான். 1927-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மெய்க்கில்ஜான் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்’, மாணவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, சேர்ந்து படிக்கவைத்தது. 1932-ல் மூடப்பட்டது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகமோ 1973-லேயே மேஜர் முடிவாகாதவர்களுக்கென்று தனிப் பிரிவே தொடங்கிவிட்டது.

என்னதான் இழப்பு?

ஒரு செமஸ்டர் சும்மா போனால் என்ன என்று தோன்றலாம். இன்ஜினீயரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலஸ் 1, 2, 3 என்று பாடங்கள் சங்கிலியாக வரும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. இயற்பியலும் அதோடு கோர்த்தே வரும். முதல் செமஸ்டரில் கால்குலஸை விட்டவர், அடுத்த வருஷம் “இன்ஜினீயரிங்தான் எனக்கு” என்று முடிவெடுத்தால் மொத்தச் சங்கிலியும் தள்ளிப்போகும். நாலு வருஷப் படிப்பு நாலரை, ஐந்து என்று நீளும், கட்டணமும்தான். பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டுகளை ரொம்பவும் தாண்டினால் கூடுதல் கட்டணம் வாங்கும் சட்டமே ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சயன்ஸ், நர்சிங் மாதிரி கூட்டம் அதிகமுள்ள பிரிவுகளில் இன்னொரு சிக்கல். பல இடங்களில் சேரும்போதே சீட் நிரம்பிவிடும். அப்புறம் உள்ளே போக நல்ல மதிப்பெண் இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. ‘மெதுவா முடிவு பண்ணலாம்’ என்று அழைக்கும் விளம்பரத்தில் இது பெரிய எழுத்தில் இருக்காது. எந்தக் கதவு எப்போது மூடும் என்று முதல் மாதமே சொல்லும் ஆலோசகர் இருந்தால்தான் இந்த மாடிக்கே அர்த்தம். பீட்சா பார்ட்டி எல்லா மாடியிலும் நடக்கும்.

மேஜர் சொன்னவர்கள் மட்டும் உறுதியா?

அதுவும் இல்லை. 2011-12 கல்வியாண்டில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம், மேஜரை அறிவித்தவர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது மாற்றிக்கொண்டதாகக் கண்டது. முதலில் கணிதம் எடுத்த இளநிலைப் பட்ட மாணவர்களில் பாதிக்கும் மேல் மாறியிருந்தார்கள். ஆகஸ்ட்டில் கெத்தாக மேஜர் சொன்ன பக்கத்து அறைக்காரரும் இதில் இருக்கலாம்.

பலன் உண்டா?

இந்த மாடிகளில் தங்குபவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. ஆனால் விரும்பி விண்ணப்பித்து வருபவர்களே பெரும்பாலும் இங்கு இருக்கிறார்கள். ஆர்வமுள்ளவர் எங்கு தங்கினாலும் படிப்பார் அல்லவா?

இந்தச் சந்தேகத்தைத் தவிர்த்த ஒரு சோதனை, ஹாஸ்டலே இல்லாத இடத்தில் நடந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள கிங்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜில், 2003 முதல், புது மாணவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதிகபட்சம் 25 பேர் கொண்ட குழுவாக முதல் செமஸ்டரில் மூன்று பாடங்களைச் சேர்ந்து படிக்கவைத்தார்கள். இவர்கள் மேஜர் முடிவாகாதவர்கள் மட்டுமல்ல. எல்லாத் தரப்பினரும் இருந்தார்கள். அந்த செமஸ்டரில் மற்றவர்களைவிட அதிகப் பாடங்களில் தேறினார்கள். கல்லூரியோடு ஒட்டுதலும் கூடியது. பிந்தைய ஆண்டுகளில் அந்த வித்தியாசம் பெரிதாக வளரவில்லை.

பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ வருபவர்கள். பலருக்கு படிப்போடு வேலையும் உண்டு. ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே கிடைக்கும் மாடி வாழ்க்கை இவர்களுக்கு எட்டாது. மூன்று வகுப்புகளில் அதே 25 முகங்களைப் பார்ப்பது எட்டும்.