நூறு உருப்படிப் பெட்டியா, பத்து நல்ல ஆயுதமா?

பால்வெட்டுக் கத்தி வாங்குகிற தோட்டத்துப் பெண்ணை எந்தக் கடைக்காரனும் லேசில் ஏமாற்றிவிட முடியாது. கையில் எடுத்ததும் எடையைப் பார்ப்பார். முனையின் வளைவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் இரும்பு நல்லதா, சொத்தையா என்று கல்லே சொல்லிவிடும். கத்தி கெட்டால் பட்டை கெடும்; பட்டை கெட்டால் மரம் கெடும்; மரம் கெட்டால் கூலி கெடும். செம்பனைக் குலை அறுக்கிறவரும் தம் அரிவாளை இப்படித்தான் பார்த்து எடுக்கிறார்.

ஆனால் அதே வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்க ஸ்பானர் வாங்கப் போனால் நடப்பது வேறு. பசார் மாலாம் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மின்னுகிற நூறு உருப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். பெட்டி ஐம்பது வெள்ளி என்றே வையுங்கள். ஒரு உருப்படி அரை வெள்ளி. அரை வெள்ளிக்கு என்ன இரும்பு கிடைக்கும்? முதல் நட்டு கொஞ்சம் துருப்பிடித்திருந்தால் போதும், ஸ்பானரின் வாய் அகன்றுவிடும். நட்டின் மூலை மழுங்கும். பிறகு எந்த நல்ல ஸ்பானரும் அதைப் பிடிக்காது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போய்க் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதுதான்.

தோழர்களே, இது சின்ன விஷயமில்லை. லயத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகளில் குடியேறிய நம் குடும்பங்களில் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். அது நின்றால் வேலைக்குப் போவதும் நிற்கும். வீட்டு முன்கூடத்திலோ கார் கொட்டகையிலோ ஞாயிற்றுக்கிழமை நாலு வண்டி பார்த்து நாலு காசு சேர்க்கிற பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் கருவிதான் முதல்.

பேருந்து கழுவிய கை

பினாங்கில் இதற்கு ஊரறிந்த சான்று உண்டு. லோ பூன் சியூ 1915-இல் சீனாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. பேருந்து கழுவினார், பட்டறையில் எடுபிடியாக நின்று இயந்திர வேலை கற்றார். 1958-இல் ஹோண்டா மோட்டார் சைக்கிளை மலாயாவில் விற்கும் உரிமையை வாங்கினார். 1995-இல் காலமாகும்போது நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். எல்லாரும் முதலாளி ஆகலாம் என்று சொல்ல நான் வரவில்லை, ஆகவும் முடியாது. ஆனால் கைத்தொழில் என்பது படிக்காதவனுக்கும் மிஞ்சுகிற சொத்து. அந்தச் சொத்தைத் தேய்ந்த ஸ்பானரால் காப்பாற்ற முடியாது.

அந்த வண்டிகளோடு ஜப்பான் அளவும் வந்தது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அளவு தெரிந்து வாங்குங்கள்

துரைமார் காலத்து லாரியிலும் இயந்திரத்திலும் இருந்தது அங்குலக் கணக்கு. 1972-ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக் கணக்குக்கு மாறியது. ஆனால் தாத்தா காலத்து அங்குல ஸ்பானர் இன்னும் பல வீட்டில் கிடக்கிறது. அரை அங்குல ஸ்பானர் என்பது 12.7 மில்லிமீட்டர். அதை 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டினால் 0.7 மில்லிமீட்டர் ஆட்டம். அந்த ஆட்டம்தான் மூலையைத் தின்கிறது.

ஜப்பான் வண்டிக்கும், ஜப்பான் வழியில் வந்த நம் நாட்டுக் கார்களுக்கும் அதிகம் வேண்டியவை 8, 10, 12, 14, 17. ஐரோப்பிய வண்டியில் 12 வருகிற இடத்தில் பெரும்பாலும் 13 வரும். சிறிய ஹோண்டா வண்டிகளில் எண்ணெய் இறக்குகிற போல்ட்டுக்கு 17, பிளக் கழற்ற 16 அளவு குழாய் ஸ்பானர். இந்த ஏழெட்டு அளவு நல்லதாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். நூறு உருப்படியில் எண்பது, பெட்டியிலேயே துருப்பிடிக்கும்.

ஒரு பக்கம் திறந்த வாய், மறுபக்கம் வளையம் உள்ள ஸ்பானரை வாங்குங்கள். இறுகிய நட்டை வளையப் பக்கத்தால் இளக்குங்கள். அது எல்லா மூலையையும் பிடிக்கும். இளகிய பிறகு திறந்த வாயால் சுற்றலாம். கடைக்குப் போகும்போது புதிய போல்ட்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மாட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருந்தால் நல்லது என்கிறார்கள். வனேடியம் கலந்த எஃகு உறுதியானது என்பது உண்மை. 1908-இல் வந்த போர்ட் மாடல் டி காரிலேயே அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் எழுத்தைப் பொறிக்க யாருக்கும் முடியும். ஆகவே எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். அளவு எண் தெளிவாக இருக்கிறதா, வாயின் இரு உள்பக்கமும் ஒரே நேராக இருக்கிறதா, மேல்பூச்சு எங்காவது உரிகிறதா என்று பாருங்கள். செய்த கம்பெனியின் பெயரே இல்லாத சாமானுக்குப் பொறுப்பேற்க ஆளும் இருக்காது.

திருகு சிதைவது ஏன்?

கூட்டல் குறி போட்ட திருகு எல்லாம் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற திருகு ஒன்று. ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். திருகு இன்னொன்று. பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் பிலிப்ஸ் திருப்புளி ஜப்பான் திருகில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் எகிறி வெளியே வந்து பள்ளத்தைச் சிதைக்கும். பல ஜப்பான் திருகுகளின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். ஜே.ஐ.எஸ். திருப்புளி கேட்டு வாங்குங்கள். 2-ஆம் எண் ஒன்று, இயந்திர மூடியின் பெரிய திருகுக்கு 3-ஆம் எண் ஒன்று போதும்.

குறடு வாங்கினால் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டுகிற பக்கத்தில் வெளிச்சம் கசிந்தால் அது கம்பியை வெட்டாது, நசுக்கும். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் மின்சாரம் தாக்காது என்று நினைக்கக் கூடாது. 1000 வோல்ட் என்று குறி போட்டுச் சோதித்த குறடுதான் மின்வேலைக்கு. அப்போதும் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சுத்தியலின் மரப்பிடியில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிடி முறிந்து தலை பறக்கும். இரும்பு ரம்பத்துக்குத் தகடு வாங்கும்போது பல் கணக்கைப் பாருங்கள். மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல், தடித்த இரும்புக்கு 18 பல். பல் முன்பக்கம் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

லோரோங் கூலிட் சந்தையில்

சுங்கை பினாங் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிட்டி ஸ்டேடியம் ஓரத்து லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை அதிக தூரமில்லை. முன்பு இந்தப் பழைய சாமான் வியாபாரம் ஜாலான் பிந்தால் தாலித் தெருவில் நடந்தது. பிறகுதான் இங்கே வந்தது. கடல் தாண்டி செபராங் பிறையிலிருந்து வருகிறவர்களும் காலையிலேயே வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

பழசு என்றால் மட்டம் என்று இல்லை. நல்ல கம்பெனியின் பழைய ஸ்பானர், புதிய சொத்தை ஸ்பானரை விடப் பல வருடம் உழைக்கும். மேலே படிந்த துரு தேய்த்தால் போய்விடும். குழி விழுந்த துரு போகாது. வாய் விரிந்தது, வெல்டிங் வைத்து ஒட்டியது, நெருப்பில் காய்ந்து நீலம் பாய்ந்தது, இவை மூன்றையும் தொடாதீர்கள். திருகி அகலப்படுத்துகிற ஸ்பானர் 1892-இல் சுவீடனின் ஜோஹான்சன் காப்புரிமை பெற்ற வடிவம். அதை வாங்கினால் தாடை ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது பலம் அசையாத தாடையில் விழ வேண்டும்.

ஒன்றை மட்டும் பழசாக வாங்கவே கூடாது: கிரைண்டர் கல். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சுழலும்போது சிதறும். புதுக் கல்லிலும், அதில் எழுதியிருக்கிற சுழல் வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது கண்ணை விலைக்கு விற்பது மாதிரி.

கை போனால் ஸ்பானர் எதற்கு?

காரை ஜாக்கியில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் படுக்கிறார்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. இரும்புத் தாங்கி கொடுக்காமல் யாரும் அடியில் போக வேண்டாம். உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அரத்தால் ராவிச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்காதீர்கள். கண்ணாடி போடாமல் எதையும் அடிக்கவோ ராவவோ வேண்டாம். ஸ்பானருக்குக் குழாய் மாட்டி நீளமாக்கி ஏறி மிதிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். வழுக்கினால் போவது விரல் கணு.

இன்னொன்றும் தாய்மார்களே, தோழர்களே, தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்திலோ ஆலையிலோ வேலைக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்கு முதலாளி நம்மிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டில் சொந்தமாகப் பழுது வேலை செய்து சம்பாதிக்கிறவர்கள், 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிய முடியுமா என்று பெர்கெசோ அலுவலகத்தில் கேட்டு வைப்பது நல்லது.

ரசீது கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல

வீட்டுக்கு வாங்கிய சாமான் சொத்தையாகிவிட்டால் கடைக்காரர் மாற்றித் தர மறுக்கலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் கடை விலாசமும் கையில் இருக்க வேண்டும். இன்று இங்கே, நாளை எங்கேயோ என்று கடை போடுகிறவரிடம் ரசீதில்லாமல் வாங்கினால் யார்மேல் மனுப் போடுவது? விவரம் தெரியாவிட்டால் நம் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம்.

முடிவாக வாங்கும் வரிசை. முதல் மாதம் 10, 12, 14 ஸ்பானர் மூன்று. அடுத்த மாதம் ஜே.ஐ.எஸ். திருப்புளி இரண்டு. பிறகு 8, 17, பிளக் ஸ்பானர். அதன்பின் ஒரு குறடு, ஒரு சுத்தியல். கடன் வாங்க வேண்டாம், தவணை வேண்டாம். ஆறு மாதத்தில் பத்து நல்ல ஆயுதம் வீட்டில் இருக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் துணி காட்டி, எண்ணி வையுங்கள். இரவல் கொடுத்தால் பெயரை எழுதி வையுங்கள். மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மரத்துக்கு மரம் கத்தி பிடித்த தாயின் மகளுக்கு ஸ்பானர் பிடிக்க வராதா என்ன?